அன்ரனிற்றாவின் முழம்

காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அன்ரனிற்றா கம்பைத் தண்ணீருக்குள் இறக்குகிறார். தட்டைப் பாறையின் விளிம்பில் இடது காலை முன்னால் வைத்து, கம்பை நேராகப் பிடித்து, அதன் அடி பாறைக் குழியில் தட்டும்வரை விடுகிறார். தட்டியதும் மனதுக்குள் மூன்று எண்ணுகிறார். பிறகு ஒரே இழுப்பு. கம்பில் வெட்டியிருக்கும் கோடுகளில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மேலே விடுதியின் சமையலறை யன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறார்: "ஒரு முழம், ஒரு சாண், மூண்டு விரல்."

"ஒண்டு, ஒண்டு, மூண்டு" என்று யன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் திருப்பிச் சொல்கிறது. அது கணவர் குமாரசாமி. அந்த நேரத்தில் அவருடைய இரண்டு கையும் பாண் மாவுக்குள் இருக்கும். ஆகவே ஞாபகம் வைத்திருப்பதோடு அவருடைய பங்கு முடிந்தது. எழுதுவது அன்ரனிற்றா. மேலே ஏறிவந்து சப்பாத்தைக் கழற்ற முன்னரே, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் எழுதிவிடுவார். மாலை ஆறு மணிக்கும் இதே வேலை. பாதை திறக்கும் மே மாதம் முதல் மூடும் ஒக்டோபர்வரை, காய்ச்சல் என்றும் விருந்தாளி என்றும் ஒரு நாளும் தவறியதில்லை. கெவெலார் மாதா திருநாளுக்கு ஜேர்மனியிலுள்ள தமிழ்க் கத்தோலிக்கர் எல்லாம் பஸ் பிடித்துப் போகும் ஆவணி மாதத்தில்கூட அவர் போவதில்லை. ஆவணியில் ஆற்றை விட்டு நகர ஏலாது என்பார்.

ஆற்றின் பெயர் ஃபேர்னாக். ஜேர்மனியின் தெற்கு ஓரத்தில், மலையைத் தாண்டினால் ஒஸ்ரியா என்கிற எல்லையில், ஜேர்மனியில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே மிஞ்சியிருக்கும் பனிப்பாளங்களில் ஒன்றின் காலடியில் பிறக்கிறது. பதினொரு கிலோமீற்றர் ஓடிப் பெரிய ஆற்றோடு சேர்ந்து பெயரை இழந்துவிடுகிறது. பள்ளத்தாக்கும் பெரிதல்ல. இரண்டு பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, அதன் இடுப்புவரை ஊசியிலை மரங்கள், அடியில் வெள்ளைக் கூழாங்கல், நடுவே ஆறு. வெயில் ஒன்பதரைக்கு உள்ளே வந்து பின்னேரம் நாலு மணிக்கு வெளியே போய்விடும். அக்கரையில் மாடுகள் மேயும் புல்வெளியும், அதன் ஓரத்தில் பதினாறு கட்டில் போட்ட மலைவிடுதியும் இருக்கின்றன. அந்த விடுதியைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்கள்தான் அன்ரனிற்றாவும் குமாரசாமியும்.

அன்ரனிற்றாவுக்கு ஐம்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. தலையில் கணவரின் கம்பளித் தொப்பி, காலில் சிவப்பு றப்பர் சப்பாத்து, கழுத்தில் அந்தோனியார் பதக்கம். அவருடைய ஜேர்மன் மொழியில் இலக்கணம் கொஞ்சம், பவேரியா நிறைய. நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும் "பாஸ்ட் ஷோ" என்பார். சரிதான், பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஊர் ஆட்கள் சொல்கிற சொல். நடக்க வருகிறவர்கள் மேலே பனிக்குகை பார்க்கப் போகும்முன் விடுதி வாசலில் நின்று, பாலமில்லாத இடத்தில் ஆற்றைக் கடந்து திரும்பி வர முடியுமா என்று அவரிடம் கேட்பார்கள். அவர் நாட்காட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரெண்டு மணிக்கு முன் திரும்பு என்பார். நீண்ட தாடி வைத்த மலையேறிகள்கூடக் குழந்தைப் பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஆற்றை அவர் 'இவர்' என்றுதான் சொல்வார். "இண்டைக்கு இவர் நல்ல அமைதி. நாளைக்குத்தான் இவற்ர குணம் தெரியும்." இதில் குமாரசாமிக்கு ஒரு நிரந்தரக் குறை உண்டு. "என்னைச் சொல்லுறாவோ, ஆத்தைச் சொல்லுறாவோ எண்டு முப்பது வருசமா விளங்கேல்லை" என்பார். முப்பது வருடம் கலியாணத்துக்கு. ஆற்றுக்கு இருபத்தொன்றுதான்.

அந்த இருபத்தொரு வருடத்தின் முதல் கோடையிலேயே அன்ரனிற்றா ஒரு பிழை விட்டார். அப்போது அவர்கள் குத்தகைக்காரர் அல்ல. கொலோனிலிருந்து வந்த சமையல்காரரும், அறை துப்புரவு செய்யும் அவருடைய மனைவியும். ஜூலை மாதம், வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. காயப்போடும் கம்பியில் இடம் போதாமல், துவைத்த கட்டில் விரிப்புகள் பதினொன்றைக் காலை ஏழு மணிக்கு ஆற்றோரக் கூழாங்கல்லில் விரித்தார். தண்ணீருக்கும் விரிப்புக்கும் நாலு எட்டு இடைவெளி விட்டதாக இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். பின்னேரம் ஆறு மணிக்கு மடித்தெடுக்க வந்தபோது விரிப்பும் இல்லை, கூழாங்கல்லும் இல்லை. அங்கே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்து ஆள்தான் இப்படிப் பிழை விடமுடியும். அங்கே ஆறு கிடையாது, கிணறுதான். கிணறு இரவில் ஊறி விடிய நிறைந்து நிற்கும். பகல் முழுக்க அள்ளப் பொழுதுபட அடியில் கிடக்கும். காலையில் கண்ட தண்ணீர்தான் அன்றைக்கு உச்சம். அந்தக் கணக்கில்தான் அவர் நாலு எட்டு விட்டார். பனிப்பாளத்தில் பிறக்கும் ஆற்றுக்கோ எல்லாம் தலைகீழ். இரவுக் குளிரில் பனி இறுகும், விடிய ஆறு இளைத்துக் கிடக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, அந்தத் தண்ணீர் கீழே வந்துசேரப் பின்னேரம் ஆகிவிடும். எரிக்கிற வெயில் நாளில்தான் ஆறு பெருகும்.

"எங்கட கிணத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. வெயிலெண்டால் வத்தும், மழையெண்டால் ஊறும். இவர் வெயிலுக்கு ஏறுறார். அப்ப இவரை அளந்துதான் பிடிக்கவேணும்" என்று அன்ரனிற்றா மறுநாளே ஒரு கம்பை வெட்டினார். விரிப்புகளில் இரண்டை எட்டுக் கிலோமீற்றர் கீழே ஒரு விவசாயியின் வேலியிலிருந்து எடுத்து, அவருடைய மனைவி இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மிச்சம் ஒன்பதும் போனது போனதுதான். "ஆத்தில போட்டாலும் அளந்து போடெண்டு சொல்லுறது. இவ போட்டிட்டு அளக்கிறா" என்று குமாரசாமி கொலோனுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

அளவுகோல் அவருடைய வலது கைதான். முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். அதில் பாதி ஒரு சாண், சாணுக்குப் பன்னிரண்டு விரல். கோடையில் கிணற்றுக் கயிற்றை முழம்போட்டுத் தண்ணீர் பார்க்கும் வீட்டிலே வளர்ந்தவருக்கு அதற்குமேல் ஒரு கருவி தேவைப்படவில்லை. கம்பு உடையும், அல்லது ஆறு இழுத்துக்கொண்டு போகும். புதுக்கம்பு வெட்டியதும் கையை வைத்துக் கோடு போடுவார். கடையில் அளவுகோல் விற்கிறார்களே என்று யாரும் கேட்டால் பதில் தயார்: "அது துலையும். கை துலையாது."

எழுதும் நாட்காட்டி கொலோனிலிருந்து வரும். தங்கை மக்டலீன் அங்கே தமிழ்க் கடையில் இலவசமாகக் கொடுப்பதைச் சுருட்டி ஒவ்வொரு தை மாதமும் தபாலில் போடுவார். முருகன் படம், ராகுகாலம், கரிநாள் எல்லாம் அச்சடித்தது. மாதா பக்தையான அன்ரனிற்றாவுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. கட்டம் பெரிது என்பதுதான் அவருக்கு முக்கியம். அந்தக் கட்டத்துக்குள் காலை அளவு, மாலை அளவு, கூடவே தண்ணீரின் நிறம். நிறத்துக்கு அவரிடம் மூன்றே மூன்று சொல். அடிக்கல் தெரிந்தால் 'கண்ணாடி'. பனிப்பாளம் அரைத்த கல்மா கலந்து வெளிறினால், அரிசி கழுவின தண்ணீர் என்ற பொருளில் 'கழுநீர்'. மேலே எங்காவது மண் சரிந்து தடித்து வந்தால் 'கஞ்சி'. இடம் மிஞ்சினால் 'முட்டை 60' என்றும், மகளுக்குப் பல் விழுந்த நாளில் 'சுபானிக்குப் பல்லு' என்றும் எழுதுவார். வருடம் முடிந்தாலும் பழையதைக் கழற்றுவதில்லை. அதன்மேலேயே புதியதை மாட்டுவார். ஒரே ஆணியில் இருபது வருடம் தொங்கியது.

2024 ஜூன் தொடக்கத்தில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. உச்சியில் கிடந்த பனியும் சேர்ந்து கரைந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை, விடுதியையும் பாதையையும் இணைத்த பதினாலு மீற்றர் மரப்பாலம் போய்விட்டது. "ஒரு சத்தமும் இல்லை. பார்த்தன், கிடந்தது. தேத்தண்ணியை ஊத்திப்போட்டுத் திரும்பினன், இல்லை" என்றார் அன்ரனிற்றா. வெள்ளம் வடிந்ததும் பாறையில் சுள்ளியும் சருகும் ஒட்டியிருந்த உயரத்தைக் கைபோட்டு அளந்து, 'ஏழு முழம், ரெண்டு விரல்' என்று எழுதிவைத்துவிட்டுத்தான் அழுதார்.

பாலம் இல்லையென்றால் விடுதி இல்லை. மற்ற வழி காட்டுப்பாதை. சுற்றிவர இரண்டு மணித்தியாலம். இரண்டு மணித்தியாலம் சுற்றிக் கோப்பி குடிக்க யார் வருவார்கள்? அந்தக் கோடையில் பதினாறு கட்டிலும் சும்மா கிடந்தன. விடுதியின் சொந்தக்காரர்களான விவசாயிகள் சங்கம் நல்ல மாதிரித்தான் சொன்னது: அடுத்த வசந்தத்துக்குள் பாலம் வராவிட்டால் குத்தகையைப் புதுப்பிக்க முடியாது. வேலையும் அங்கே, வீடும் அங்கே. இருபது வருடம் ஓடிய வாழ்க்கை ஒரு பாலத்தில் தொங்கியது. அந்தப் பாலமோ எங்கேயோ கீழே விறகாய்க் கிடந்தது.

புதிய பாலம் கேட்டு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினார்கள். அது ஒரு அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய், ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று திரும்பி வந்தது. சாண் ஏற முழம் சறுக்கியது. கடைசியாக நீர்வளத்துக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேல் பள்ளத்தாக்கில் ஆற்றை அளக்கும் கருவி இதுவரை இருந்ததில்லை; ஆற்றின் ஏற்ற இறக்கம் தெரியாமல் பாலத்தின் உயரத்தைக் கணிக்க முடியாது; இப்போது ஒரு கருவி வைக்கப்படும்; ஐந்து பருவங்களின் அளவு சேர்ந்தபின் முடிவு சொல்லப்படும்.

"அஞ்சு வருசமோ" என்றார் குமாரசாமி. "அஞ்சு வருசத்தில நாங்கள் மக்டலீன் வீட்டு ஹோலில பாய் விரிச்சுக் கிடப்பம்."

அன்றைக்கு மட்டும் அன்ரனிற்றாவால் 'பாஸ்ட் ஷோ' சொல்ல முடியவில்லை.

கருவி வைக்க ஜூலையில் ஒரு பெண் வந்தார். லிண்ட்னர் என்று பெயர், முப்பது வயதிருக்கும், பொறியியலாளர். நாள் முழுக்கத் துளையிட்டுத் தட்டைப் பாறையின் ஓரத்தில் ஒரு இரும்புக் குழாயைப் பொருத்தினார். தண்ணீர் உள்ளே போய்வரக் குழாயில் சின்னச் சின்ன ஓட்டைகள்; உள்ளே உயரத்தைத் தானாகப் பதியும் இயந்திரம். மாலை ஆறு மணிக்கு அன்ரனிற்றா கம்போடு வந்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ என்று ஜேர்மனில் சொல்லிவிட்டு, வழக்கம்போல் அளந்து, யன்னலைப் பார்த்துச் சத்தம் போட்டார். யன்னலும் பதில் சொன்னது. லிண்ட்னர் ஆணி முறுக்கும் சாவியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அளக்கிறேன். எப்போதிலிருந்து? அன்ரனிற்றா யோசித்து, விரிப்பு போனதிலிருந்து என்றார்.

சமையலறையில் அந்த ஆணிக்கு முன்னால் லிண்ட்னர் வெகு நேரம் நின்றார். ஒவ்வொரு நாட்காட்டியாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். முதல் கோப்பி ஆறிப்போய் இரண்டாவது கேட்டார். ராகுகாலம் எல்லாவற்றையும் ஆற்றின் அளவென்று நினைத்து, இது ஏன் கிழமைக்குக் கிழமை மாறாமல் வருகிறது என்று கேட்டார். பிறகுதான் முக்கியமான கேள்வி வந்தது: ஒரு முழம் என்றால் எத்தனை சென்ரிமீற்றர்?

அன்ரனிற்றா சட்டைக் கையை மடித்துவிட்டு, வலது கையை மேசையில் நீட்டி வைத்தார். லிண்ட்னர் நாடாவைப் பிடித்து மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் நாற்பத்து மூன்றரை. ஒரு படிவத்தை எடுத்து, அளவுக் கருவி என்ற இடத்தில் 'வலது முன்கை, 43.5' என்று எழுதினார். கருவியின் வயது என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி நிமிர்ந்து பார்த்தார்.

"ஐம்பத்தஞ்சு" என்றார் அன்ரனிற்றா. அந்த வருடம் அவருக்கு அவ்வளவுதான்.

மகள் சுபானிக்குத்தான் இது பொறுக்கவில்லை. மியூனிக்கில் தாதியாக வேலை செய்கிறவள், படிவமும் அலுவலகமும் எப்படிப்பட்டவை என்று தெரிந்தவள். "அம்மா, உதைப்போய் அரசாங்கத்துக்குக் காட்டுறதோ? முருகன் படம் போட்ட கலண்டர். முழம், சாண். சிரிப்பினம்."

"சிரிக்கட்டும் பிள்ளை. சிரிச்சு முடிச்சிட்டு வாசிப்பினம்தானே."

வாசிக்க வேண்டுமானால் யாராவது சென்ரிமீற்றரில் மாற்றித் தர வேண்டும். நாலு வார இறுதிகளில் சுபானி மடிக்கணினியோடு வந்து குந்தியிருந்து, ஏழாயிரத்துச் சொச்சம் அளவுகளையும் அட்டவணையாக்கினாள். முதல் வாரம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு செய்தாள். இரண்டாம் வாரம் 2009 ஆனி பதினெட்டில் தன் பல்லைக் கண்டாள். தனக்கு அம்மை போட்ட நாளிலும், தாத்தாவின் செத்தவீட்டுச் செய்தி வந்த நாளிலும் காலை அளவு, மாலை அளவு இரண்டும் இருந்தன. எழுத்துக்கூட நடுங்கவில்லை. மூன்றாம் வாரம் தகப்பன் அவளைச் சீண்டியபோது, "அப்பா, கதை குடுக்காதேங்கோ, பிழைச்சுப் போகும்" என்றாள். தாயின் கணக்கு இப்போது தன்னிடத்தில் பிழைத்துவிடக் கூடாது என்ற பயம் அவளுக்கு வந்துவிட்டது.

அட்டவணை அலுவலகத்துக்குப் போய்ச் சேர, செப்ரெம்பர் இருபத்துநாலாம் திகதி ஆற்றங்கரையிலேயே டெர்மின், அதாவது சந்திப்பு, வைத்தார்கள். காட்டுப்பாதையால் ஜீப்பில் நாலு பேர் வந்து இறங்கினார்கள்: லிண்ட்னர், அவருடைய மேலதிகாரி, ஒரு உதவியாளர், கீழே ஊரின் மேயர். மேலதிகாரி நரைத்த தலையும் துடைத்த சப்பாத்துமாக, மரியாதையான மனிதர். அன்ரனிற்றா கோயிலுக்குப் போடும் நீலச் சேலையைக் கட்டி, மேலே குளிருக்குக் கோட்டும் போட்டுக்கொண்டு நின்றார். காலில் அதே சிவப்புச் சப்பாத்து.

மேலதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்துச் சொன்னார். ஜூலை பதினொன்றிலிருந்து ஓகஸ்ட் எட்டுவரை அம்மையாரின் அளவும் இயந்திரத்தின் அளவும் ஒத்துப்போகின்றன. வித்தியாசம் ஒரு விரலுக்குமேல் இல்லை. உண்மையில் வியப்புத்தான். ஆனால் ஓகஸ்ட் ஒன்பதிலிருந்து இரண்டும் பிரிந்துவிடுகின்றன. மாலையில் ஆறு ஏறியது என்று அம்மையார் எழுதியிருக்கிறார். இயந்திரம் ஏறவே இல்லை என்கிறது. பன்னிரண்டு விரல்வரை வித்தியாசம். ஒரு மாதம் சரியாகவும் ஒன்றரை மாதம் பிழையாகவும் அளக்கும் ஒரு கையை நம்பி மனிதர் நடக்கும் பாலத்தைக் கட்ட முடியாது. வருந்துகிறேன்.

மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சுபானி பாதியில் நிறுத்திவிட்டாள். அவசியமும் இருக்கவில்லை. அன்ரனிற்றாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் கையைப் பிழையென்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார்களே என்ற அவமானமும், அதற்கு மேலே கோபமும் வந்தது. விடுதி போகப்போகிறது என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

"பிள்ளை, உள்ள போய்க் கலண்டரை எடுத்துக்கொண்டு வா."

சுபானி ஓடிப்போய் ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். அன்ரனிற்றா ஓகஸ்ட் ஒன்பதின் கட்டத்தில் விரலை வைத்தார். இரண்டு அளவு, பக்கத்தில் ஒரு சொல்.

"இதென்னெண்டு வாசிச்சுச் சொல்லு அவருக்கு."

"கஞ்சி" என்று வாசித்த சுபானியின் குரல் மாறிவிட்டது. அவளுக்கும் அப்போதுதான் பிடிபட்டது. மேலே மண் சரிந்த நாள். ஆறு தடித்து வந்த நாள். அதை ஜேர்மனில் அவள் விளக்க, மேலதிகாரி நெற்றியைச் சுருக்கினார். அன்ரனிற்றா தன்னுடைய பவேரியத்தில் நேரே அவரைக் கேட்டார்: அந்த நாளுக்குப் பிறகு உங்கள் குழாயை ஒருதரமாவது யாராவது திறந்து பார்த்தீர்களா?

யாரும் பார்க்கவில்லை. அளவுகள் தானாகவே அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு மணித்தியாலம் சுற்றிக்கொண்டு யார் வருவது?

லிண்ட்னர் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தார். பாறையில் முழந்தாளிட்டு நாலு ஆணியையும் கழற்றி, குழாயை உருவி எடுத்துச் சரித்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். இடியப்பத்துக்குக் குழைத்த மா போலச் சாம்பல் நிறத்தில் ஒரு பசை மெல்லப் பிதுங்கி வந்து, மேலதிகாரியின் துடைத்த சப்பாத்துக்கு முன்னால் விழுந்தது. ஒரு ஓட்டைகூடத் திறந்திருக்கவில்லை. ஒன்றரை மாதமாக இயந்திரம் ஆற்றை அளக்கவே இல்லை. குழாய்க்குள் அடைபட்ட தண்ணீரைத்தான் அளந்துகொண்டு இருந்தது.

மேயர் முதலில் சிரித்தார். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, இப்போது எங்களுக்கு முன்னால் ஒருதரம் அளந்து காட்ட முடியுமா என்று பணிவாகவே கேட்டார்.

"ஏலாது" என்றார் அன்ரனிற்றா தமிழிலேயே. பிறகு ஜேர்மனில், இப்போது இரண்டேகால் மணி, நான் அளக்கும் நேரம் ஆறு மணி என்றார்.

சுபானி தாயின் கோட்டை இழுத்தாள். "அம்மா, ஒருக்கா அளந்து காட்டுங்கோவன். பெரிய ஆள்."

"பெரிய ஆளெண்டால் இருக்கட்டும். இருபது வருசமா ஆறு மணி. இந்த ஆளுக்காக இண்டைக்கு ரெண்டேகால் எழுதினால் நாளைக்கு அதை ஆர் நம்புவினம்?"

மகள் இதை மொழிபெயர்க்கப் பயந்து நிற்க, லிண்ட்னர் மேலதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், காத்திருக்கிறேன் என்றார். நாலு பேரும் மூன்றே முக்கால் மணித்தியாலம் விடுதி வாசலில் குந்தியிருந்தார்கள். குமாரசாமி முட்டை அடித்து, மா கரைத்துச் சுட்டுப் பிய்த்துப்போட்டு, அந்த ஊர்ப் பலகாரத்தை ஏலக்காயும் தூவிக் கொண்டுவந்து வைத்தார். மேலதிகாரி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அதற்கிடையில் லிண்ட்னர் குழாயைக் கழுவி, திரும்பப் பூட்டிவிட்டு வந்தார்.

ஆறு மணிக்கு அன்ரனிற்றா பாறையில் இறங்கினார். இடது கால் முன்னால். கம்பு அடியில் தட்டியது. மூன்று எண்ணினார். இழுத்தார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை மறந்து, யன்னலைப் பார்த்தே சத்தம் போட்டார்: "ஒரு முழம், ஒரு சாண், அஞ்சு விரல்."

"ஒண்டு, ஒண்டு, அஞ்சு" என்றது யன்னல்.

சுபானி கைத்தொலைபேசியில் பெருக்கிக் கூட்டினாள். "எழுபத்து நாலு" என்றாள். லிண்ட்னர் இயந்திரத்தைப் பார்த்தார். அதன் முகத்தை மேலதிகாரியின் பக்கம் திருப்பிப் பிடித்தார். அங்கேயும் எழுபத்து நாலு.

அனுமதி டிசம்பர் இரண்டாம் திகதி வந்தது. சுபானி மியூனிக்கிலிருந்து தொலைபேசியில் வாசித்தாள். அலுவலகம் இருபது பருவங்களின் அளவை ஏற்றுக்கொள்கிறது. பாலத்தின் அடிப்பக்கம் ஏழு முழம் இரண்டு விரலுக்கும் மேலே இன்னும் ஒரு மீற்றர் உயரத்தில் அமையும். வரைபடத்தின் மூலையில், அளவுகளைத் தந்தவர் என்ற இடத்தில், அன்ரனிற்றா குமாரசாமி என்று அச்சடித்திருக்கிறது. அன்ரனிற்றா படியில் குந்திவிட்டார். அழுதார், சிரித்தார், மூக்கைத் துடைத்தார். "வெண்டிட்டமப்பா" என்றார் கணவரிடம். "ஆரை?" என்று கேட்ட குமாரசாமியும் அழுதுகொண்டுதான் நின்றார். அன்று பின்னேரம் விவசாயிகள் சங்கத் தலைவர் காட்டுப்பாதையால் நடந்தே வந்து, பத்து வருடத்துக்குக் குத்தகை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

2025 மே பதினேழாம் திகதி, சனிக்கிழமை. புதிய பாலத்தில் அறுத்த மரத்தின் வாசம் இன்னும் போகவில்லை. கீழே ஊரின் வாத்தியக் குழு தோல் கால்சட்டையோடு வந்து ஊதியது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். மக்டலீன் கொலோனிலிருந்து குடும்பத்தோடு வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு எல்லோருக்கும் பற்றிஸ் பரிமாறினார். மேயர் நாடா வெட்டிவிட்டு, இப்போது இரண்டு வார்த்தை பேச அன்ரனிற்றாவை அழைக்கிறேன் என்றபோது ஆளைக் காணவில்லை.

அவர் பாலத்துக்குக் கீழே தட்டைப் பாறையில் நின்றார். அன்று காலைதான் லிண்ட்னர் அங்கே, அரசாங்க முத்திரையோடு, சென்ரிமீற்றர் கோடு போட்ட வெள்ளைப் பலகை ஒன்றைப் பாறையில் பூட்டியிருந்தார். இனி கம்பு தேவையில்லை, பார்த்துச் சொன்னால் போதும் என்றும் சொல்லியிருந்தார். மேலே ஐம்பது பேர் எட்டிப் பார்க்க, அன்ரனிற்றா நீலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார். கோட்டுக் கையை மடித்துவிட்டு, முழங்கை முனையைப் பலகையில் அறுபதாம் கோட்டில் வைத்து, கையை நேரே மேல்நோக்கி நீட்டினார். நடுவிரல் நுனி எங்கே நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நூற்று மூன்றரை. பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் காத்து நின்ற லிண்ட்னரைப் பார்த்து, உங்கள் பலகை சரி என்று தலையை ஆட்டினார்.